சீட்டும் கடனும்: 1517ஆம் ஆண்டின் பலன் விற்பனையும் மேய்ப்பர்களின் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானிய நிலப்பகுதிகளில் நடைபெற்ற 'பாவமன்னிப்புச் சீட்டு' விற்பனை, தமிழில் எழுதப்பெற்ற வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு துறவியின் பேராசைக் கதையாகவே கூறப்படுகிறது. அவ்விற்பனையின் வேர் ஒரு பேராயர் பதவியை அடைவதற்காக வாங்கப்பட்ட கடனில் இருந்தது என்பதையும், மக்கள் தவறாக வழிநடத்தப்பட்டமைக்குக் கோட்பாட்டை அறிந்தோர் கடைப்பிடித்த மௌனமே முதன்மைக் காரணம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தமிழ்ச் சொல்லாட்சி இவ்வரலாற்றை எவ்வாறு ஒரு பக்கமாகச் சாய்த்துள்ளது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பலன், பாவமன்னிப்புச் சீட்டு, ஆல்பிரெக்ட், டெட்செல், லூத்தர், சீமோனியம், திரெந்து சங்கம்.

முன்னுரை

ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பள்ளியில் படித்த எவர் நினைவிலும் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்னும் தொடர் தங்கியிருக்கும். பணம் கொடுத்தால் பாவம் போகும் என்று கூறிச் சீட்டு விற்றார்கள். லூத்தர் அதை எதிர்த்தார் என்ற அளவில் அந்த நினைவு முடிந்துவிடும். கத்தோலிக்கத் தமிழரோ இதே பொருளைப் 'பலன்' என்றும், முழுமையானதைப் 'பரிபூரண பலன்' என்றும் வழங்கிவருகின்றனர். ஒரே இலத்தீன் சொல்லுக்கு இரு திருச்சபை மரபுகள் இரு வேறு தமிழ்ச் சொற்களைக் கைக்கொண்டுள்ளன. ஒன்று முறைகேட்டையே பெயராக்கிக்கொண்டது. மற்றொன்று முறைகேட்டின் சுவடே இல்லாத பெயர். வரலாறு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

தீய மேய்ப்பரைக் குறித்த கண்டனம் விவிலியத்திற்குப் புதியதன்று. மந்தையை மேய்க்காமல் தம்மையே மேய்த்துக்கொண்ட இசுரயேலின் தலைவர்களை எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் சாடுகிறது. கூலிக்காகக் கற்பிக்கும் குருக்களையும் பணத்திற்காகக் குறிசொல்லும் இறைவாக்கினரையும் மீகா இடித்துரைக்கிறார். அப்போஸ்தலர் பணி 8ஆம் அதிகாரத்தில் சமாரியாவைச் சேர்ந்த சீமோன், தூய ஆவியை அளிக்கும் அதிகாரத்தைத் தமக்கும் தருமாறு கேட்டுப் பேதுருவிடம் பணத்தை நீட்டுகிறான். திருச்சபைப் பதவிகளையும் அருள் அடையாளங்களையும் விலைபேசும் குற்றத்திற்குச் 'சீமோனியம்' என்ற பெயர் அவனிடமிருந்தே வந்தது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் நிகழ்வில் குற்றவாளி யார் என்ற வினாவிற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை யோஹான் டெட்செல் என்னும் தொமினிக்கத் துறவி. ஆவணங்களைப் பின்தொடர்ந்தால் அவருக்கு மேலேயும் பலர் தென்படுகின்றனர்.

பலன் என்பது யாது?

கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி பாவத்திற்கு இரு விளைவுகள் உண்டு. ஒன்று குற்றம், மற்றொன்று அதற்குரிய தண்டனை. உள்ளார்ந்த மனத்துயரோடு பாவசங்கீர்த்தனம் செய்பவருக்குக் குற்றம் மன்னிக்கப்படுகிறது. நித்திய தண்டனையும் நீங்குகிறது. எனினும் காலத்திற்குட்பட்ட ஒரு தண்டனை எஞ்சுகிறது. அதை இவ்வுலகில் தவமுயற்சிகளாலோ மறுமையில் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ கழிக்க வேண்டும். இந்த எஞ்சிய தண்டனையைத் தளர்த்துவதே பலன். ஆகவே கோட்பாட்டளவில் பலன் பாவத்தை மன்னிப்பதில்லை. 'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற தமிழ்த்தொடர் இவ்விடத்தில் கோட்பாட்டைத் தவறாகச் சொல்கிறது. ஆனால் 1517இல் சந்தையில் நின்ற ஒரு செருமானியக் குடியானவர் எதை வாங்குவதாக நம்பினாரோ அதைச் சரியாகவே சொல்கிறது. இந்த முரண்பாடே நம் ஆய்வின் மையம்.

பலனின் வளர்ச்சி மெதுவாகவும் படிப்படியாகவும் நிகழ்ந்தது. 1095இல் கிளர்மோன் சங்கத்தில், பக்தியினால் மட்டும் எருசலேமுக்குப் புறப்படுவோருக்கு அப்பயணமே முழுத் தவமாகக் கணக்கிடப்படும் என அறிவிக்கப்பட்டது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஆயர்கள் மனம்போல் பலன்களை வழங்குவதற்கு வரம்பு விதித்தது. முறைகேடு அப்போதே தலைகாட்டியிருந்தது என்பதற்கு அவ்வரம்பே சான்று. 1300இல் எட்டாம் போனிபாஸ் யூபிலி ஆண்டை அறிவித்து உரோமைக்கு வரும் திருப்பயணிகளுக்கு முழுப்பலன் அளித்தார். 1343இல் ஆறாம் கிளமெந்து, கிறிஸ்துவும் புனிதரும் ஈட்டிய பேறுபலன்கள் ஒரு கருவூலமாகத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளன என்ற விளக்கத்தை முறைப்படுத்தினார். கருவூலம் என்ற உவமை பிற்காலத்தில் எத்தனை எளிதாக உவமையென்ற நிலையை இழந்தது என்பதைக் காண்போம்.

1476இல் நான்காம் சிக்ஸ்துஸ், பிரான்சின் செந்த் நகரப் பேராலயத் திருப்பணியின் பொருட்டு வெளியிட்ட ஆணையில், உத்தரிக்கிற ஸ்தலத்தில் உள்ள ஆன்மாக்களுக்கும் பலனைப் பெற்றுத் தரலாம் என்றார். இறந்தோர்மீது திருத்தந்தைக்கு ஆட்சியுரிமை இல்லை. எனவே இது மன்றாட்டு முறையிலேயே அவர்களுக்குப் பயன்படும் என்ற கட்டுப்பாடும் அதில் இருந்தது. இறையியலாளர் அதை உணர்ந்திருந்தனர். இறந்த தாயை எண்ணிக் காசு போட்ட மகளுக்கு அதை எடுத்துச் சொன்னவர் யார்?

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. 1412இல் பிராகு நகரில், நேப்பிள்சு மன்னருக்கு எதிரான போருக்காகப் பலன் விற்கப்பட்டபோது யான் ஹுஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். கோயில்களில் அதை மறுத்துக் குரலெழுப்பிய மூன்று இளைஞர்கள் தலை வெட்டப்பட்டனர். ஹுஸ் 1415 சூலை 6ஆம் நாள் கான்ஸ்தான்சில் எரிக்கப்பட்டார்.

ஒரு பதவியும் அதன் விலையும்

1517இன் கதை தொடங்குவது விட்டன்பெர்க்கில் அன்று. பிராண்டன்பர்க் ஆட்சிக் குடும்பத்தில். 1490இல் பிறந்த ஆல்பிரெக்ட் அக்குடும்பத்தின் இளைய மகன். மூத்தவர் யோவாக்கிம் தேர்வுரிமை பெற்ற இளவரசர். 1513இல் ஆல்பிரெக்ட் மாக்டபுர்க்கின் பேராயராகவும் ஹால்பர்ஷ்டாட் மறைமாவட்டத்தின் நிர்வாகியாகவும் ஆனார். அப்போது அவருக்கு வயது 23. ஆயர் பதவிக்குத் திருச்சபைச் சட்டம் விதித்த வயது 30. அடுத்த ஆண்டே மைன்ஸ் பேராயர் பதவியும் காலியாயிற்று. மைன்சின் பேராயர் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவருள் ஒருவர்; பேரரசின் தலைமை வேந்தவைப் பொறுப்பும் அவருடையது. அப்பதவி கிட்டினால் எழுவரில் இருவர் ஒரே குடும்பத்தினராவர்.

மைன்சின் திருப்பணியாளர் குழுவிற்கும் இதில் ஓர் ஆதாயம் இருந்தது. புதிய பேராயர் ஒவ்வொருவரும் பால்லியம் என்னும் தோளாடையைப் பெற உரோமைக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டும். 1504, 1508, 1514 எனப் பத்தாண்டுகளில் மூன்று பேராயர்கள் இறந்துபட்டமையால், அத்தொகையை மும்முறை ஈட்ட வேண்டிய நிலைக்கு அம்மறைமாவட்டம் தள்ளப்பட்டது. கட்டணத்தைத் தாமே செலுத்துவதாக ஆல்பிரெக்ட் உறுதியளித்தார். 1514 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆயினும் ஒருவரே பல மறைமாவட்டங்களை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம்தரவில்லை. அதிலிருந்து விலக்குப் பெற உரோமை கேட்ட கூடுதல் தொகை 10,000 டுகாட். பால்லியக் கட்டணம் இதற்குப் புறம்பானது. அவ்வளவு பணம் ஆல்பிரெக்டிடம் இல்லை. ஆக்ஸ்பர்க் நகரின் வணிகர் யாக்கோபு ஃபுக்கரின் நிறுவனத்திடம் 29,000 ரைனிய குல்டன் பொற்காசுகளைக் கடனாகப் பெற்றார்.

கடனை அடைக்கும் வழி உரோமையிலேயே வகுக்கப்பட்டது. புனித பேதுரு பேராலயத்தின் புதிய கட்டுமானத்திற்கெனப் பத்தாம் லியோ 1515 மார்ச் 31ஆம் நாள் வெளியிட்ட ஆணை, ஆல்பிரெக்டின் ஆட்சிப் பகுதிகளில் எட்டு ஆண்டுகளுக்குப் பலன் அறிவிக்க இசைவளித்தது. வருவாயில் ஒரு பாதி பேராலயத்திற்கு. மறுபாதி ஆல்பிரெக்டின் கடனுக்கு. பேரரசர் மாக்சிமிலியனும் தமக்கென ஒரு பங்கைப் பெற்றார். காணிக்கைப் பெட்டிகளுடன் ஃபுக்கர் நிறுவனத்தின் முகவர்களும் பயணம் செய்தனர். அவர்கள் கண்முன்னே பெட்டிகள் திறக்கப்பட்டன, பணம் எண்ணப்பட்டது. சந்தையில் கூடிய மக்கள் தம் காசு முழுவதும் உரோமையில் பேதுருவின் கல்லறைமீது கல்லாக எழும் என்று நம்பினர். அதில் பாதி ஒருவர் பதவி வாங்கிய கடனுக்குப் போகிறது என்பது அவர்களிடம் சொல்லப்படவில்லை. 95 கூற்றுகளை எழுதும் வேளையில் லூத்தரும் இதை அறிந்திருக்கவில்லை. பின்னர் அறிந்து, அதைப் பற்றிப் பலமுறை எழுதினார்.

ஊழல் என்ற சொல்லை இங்குக் கவனமாகக் கையாள வேண்டும். இந்நடவடிக்கையின் ஒவ்வொரு படியும் அக்காலச் சட்டத்தின் வடிவத்தைப் பெற்றிருந்தது: விலக்கு ஆணை முறைப்படி வழங்கப்பட்டது, கடன் முறைப்படி எழுதப்பட்டது, பலன் முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஒரு படியையும் திருட்டு என்று கூற இயலாது. சமாரியாவின் சீமோன் வெறுங்கையில் பணத்தோடு வந்து நின்றான். ஆல்பிரெக்டின் தூதர்களோ முத்திரையிட்ட ஆவணங்களோடு வந்தனர் என்பதே வேறுபாடு.

அறிவுறுத்தல் ஏடு

விற்பனையாளர்களுக்கு வழிகாட்டியாக ஆல்பிரெக்டின் பெயரில் ஓர் இலத்தீன் அறிவுறுத்தல் ஏடு வெளியிடப்பட்டது. இது இன்றும் கிடைக்கிறது. தவறான வழிநடத்தல் எவ்வாறு உருவாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது. அதில் நான்கு தலையாய அருள்கள் அறிவிக்கப்பட்டன. முதலாவது, எல்லாப் பாவங்களுக்கும் முழு விடுதலை. இதற்கு மனத்துயரும் பாவசங்கீர்த்தனமும் தேவை என்ற நிபந்தனை எழுத்தில் உள்ளது. இரண்டாவது, ஒப்புரவுப் பத்திரம். அதை வாங்குபவர் தமக்கு விருப்பமான குருவைத் தேர்ந்துகொண்டு, பிறர் மன்னிக்க இயலாத கடும் பாவங்களுக்கும் மன்னிப்புப் பெறலாம். மூன்றாவது, திருச்சபையின் ஆன்மிக நற்பேறுகளில் பங்கு. நான்காவது, உத்தரிக்கிற ஸ்தலத்தில் உள்ளோருக்கான விடுதலை. இந்நான்காவதற்குப் பணம் செலுத்துபவர் மனத்துயர் கொள்ளவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ வேண்டியதில்லை. பெட்டியில் காசு விழுந்தால் போதும்.

கட்டணமும் தகுதிக்கேற்ப வரையறுக்கப்பட்டது. அரசர், பேராயர், இளவரசர் முதலானோருக்கு 25 பொற்காசுகள், கைவினைஞர்க்கு 1, அவர்க்கும் கீழ்ப்பட்டோர்க்கு அரை. ஒன்றுமில்லாத ஏழைகள் செபத்தாலும் நோன்பாலும் இப்பேற்றை அடையலாம் என்றும் ஏடு கூறுகிறது. இவ்விதிவிலக்கைச் சுட்டாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் வசூல் கணக்கைக் கையில் வைத்திருக்கும் முகவரின் முன்னிலையில் இவ்விதிவிலக்கு எத்தனை முறை உரக்க வாசிக்கப்பட்டிருக்கும் என்பது வேறு வினா.

'சீட்டு' என்ற தமிழ்ச் சொல்லுக்கு நியாயம் கிடைப்பது இந்த இரண்டாம் அருளில்தான். ஒப்புரவுப் பத்திரங்கள் அச்சிட்ட தாள்கள். பெயருக்கும் நாளுக்கும் வெற்றிடம் விடப்பட்டவை. அச்சுக்கலையும் பலனும் பிறப்பிலேயே இணைந்தவை. அசையும் எழுத்துக்களால் ஐரோப்பாவில் அச்சிடப்பட்டு ஆண்டுக் குறிப்புடன் கிடைப்பவற்றுள் மிகப் பழையவை, சைப்பிரசின் பாதுகாப்புக்கெனத் திரட்டப்பட்ட நிதிக்காக 1454இல் மைன்சில் அச்சான பலன் பத்திரங்களே. அதே மைன்ஸ் பேராயரின் பெயரால் 63 ஆண்டுகளுக்குப் பின் நடந்த விற்பனையை, அதே அச்சுப்பொறியே தகர்த்தது.

டெட்செல்

பிர்னா நகரில் பிறந்த டெட்செல், 1517 சனவரியில் மாக்டபுர்க் பகுதிக்குத் துணை ஆணையராக நியமிக்கப்படும் முன்பே ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் இப்பணியில் தேர்ந்தவர். ஊருக்குள் அவர் நுழையும்போது திருத்தந்தையின் ஆணை பட்டுத்துணிமீது ஏந்திவரப்படும், மணிகள் ஒலிக்கும், கோயிலில் செந்நிறச் சிலுவை நாட்டப்படும். பெட்டியில் நாணயம் ஒலித்த கணமே ஆன்மா மேலேறும் என்ற பொருள்படும் பழமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. லூத்தரின் 27ஆம் கூற்று அக்கருத்தைத் தாக்குகிறது. டெட்செலின் பெயரைக் குறிப்பிடவில்லை. பிற்காலத்தார் அவர்மேல் ஏற்றிய சொற்கள் அனைத்தையும் அவர் சொன்னார் எனக் கொள்ள இயலாது. இறையன்னையைப் பற்றிய ஓர் இழிந்த உவமையைத் தாம் சொல்லவே இல்லையென அவர் மறுத்ததும் பதிவாகியுள்ளது.

தேர்வுரிமை இளவரசர் பிரடெரிக் தம் சாக்சனி ஆட்சிப் பகுதிக்குள் டெட்செல் நுழைவதைத் தடுத்தார். இதைச் சமய விழிப்புணர்வு எனப் போற்றுவது பொருந்தாது. விட்டன்பெர்க் கோட்டைக் கோயிலில் பிரடெரிக்கே ஒரு பெரும் புனிதப்பொருள் தொகுப்பை வைத்திருந்தார். லூக்காஸ் கிரனாக்கின் படங்களுடன் 1509இல் வெளியான அதன் விளக்க நூல் 5,005 பொருள்களைக் கணக்கிட்டது. 1520இல் எண்ணிக்கை ஏறத்தாழ 19,000ஐ எட்டியது. அவற்றை வணங்குவோர்க்கும் பலன் உண்டு. ஆண்டுதோறும் அனைத்துப் புனிதர் திருநாளில் மக்கள் திரள்வர். அடுத்த வீட்டுக் கடை தம் தெருவில் திறப்பதை அவர் விரும்பவில்லை என்பதே நேரான விளக்கம். எனவே விட்டன்பெர்க் மக்கள் எல்லை கடந்து யூட்டர்போக்கிற்கும் செர்ப்ஸ்டிற்கும் சென்று பத்திரம் வாங்கி வந்தனர்.

லூத்தரின் கடிதம்

1517 அக்டோபர் 31ஆம் நாள் லூத்தர் கோட்டைக் கோயிலின் கதவில் 95 கூற்றுகளை ஆணியடித்தார் என்பது உலகறிந்த காட்சி. அச்செய்தியைப் பரவச் செய்தவர் மெலாங்டன். 1546இல், லூத்தர் இறந்தபின் எழுதினார். 1517இல் அவர் விட்டன்பெர்க்கில் இல்லை. 1961இல் எர்வின் இசர்லோ என்னும் கத்தோலிக்க வரலாற்றறிஞர் இக்காட்சியை ஐயுற்று எழுதியபின் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஐயத்திற்கிடமின்றி அந்நாளில் நிகழ்ந்தது ஒன்று உண்டு: லூத்தர் ஆல்பிரெக்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கூற்றுகளையும் உடன் அனுப்பினார். அக்கடிதம் ஸ்டாக்ஹோம் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது.

கதவைவிடக் கடிதமே நமக்கு முக்கியமானது. சம்பந்தப்பட்ட விற்பனையாளர்களின் பேச்சைத் தாம் நேரில் கேட்டதில்லை என்று லூத்தர் அதில் ஒப்புக்கொள்கிறார். அவருடைய முறையீடு மக்களின் புரிதலைப் பற்றியது: பத்திரம் வாங்கியவர்கள் தம் மீட்பு உறுதியாகிவிட்டதென நம்புகின்றனர், ஆன்மாக்கள் இவ்வாறு தவறான நம்பிக்கையில் மாள்கின்றன, அவற்றிற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் பேராயராகிய நீர். திருச்சபை மேய்ப்பரிடம் ஒரு துறவி முறைப்படி வைத்த முறையீடு இது. கூற்றுகளின் நோக்கும் இதையொட்டியதே. 50ஆம் கூற்று, விற்பனையாளரின் வற்புறுத்தல்களைத் திருத்தந்தை அறிந்தால் மந்தையின் தோலாலும் தசையாலும் பேராலயம் எழுவதைவிட அது சாம்பலாவதையே விரும்புவார் என்கிறது. திருத்தந்தை அறியாதவர் என்ற நம்பிக்கை அப்போது லூத்தரிடம் எஞ்சியிருந்தது. 82ஆம் கூற்று பாமரரின் கேள்வியாக ஒன்றை வைக்கிறது: பணத்தின்பொருட்டு ஆன்மாக்களை விடுவிக்க முடியுமெனில், அன்பின்பொருட்டு அனைவரையும் ஏன் விடுவிக்கக் கூடாது?

இக்கேள்விகளைக் கண்டு ஆல்பிரெக்ட் என்ன செய்தார்? மைன்ஸ் பல்கலைக்கழக இறையியலாளரின் கருத்தைக் கேட்டார்; ஆவணங்களை உரோமைக்கு அனுப்பினார். முறையிட்டவருக்கு விடை எழுதவில்லை. உரோமையிலும் பேச்சு விரைவில் திசை மாறியது. பலன் சரியாக விளக்கப்பட்டதா என்ற வினா பின்னுக்குப் போய், திருத்தந்தையின் அதிகாரத்தை ஒரு துறவி கேள்வி கேட்கலாமா என்ற வினா முன்னுக்கு வந்தது. 1518 நவம்பரில் பத்தாம் லியோ பலனைப் பற்றிய ஒரு வரையறையை வெளியிட்டார். இறந்தோர்க்கு அது மன்றாட்டு முறையிலேயே பயன்படும் என்பது அதிலும் உறுதிப்படுத்தப்பட்டது. ஓராண்டு முன்னதாகச் சந்தைகளில் இவ்வரையறை வாசிக்கப்பட்டிருந்தால் வருவாய் குறைந்திருக்கும். பிளவு நேர்ந்திருக்குமா என்று சொல்வதற்கில்லை. இதற்கிடையே பலனையும் அருளையும் பற்றி லூத்தர் செருமானிய மொழியில் எழுதிய எளிய சிறுநூல் இரண்டே ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது.

பழி யாரைச் சேர்ந்தது

1519 தொடக்கத்தில் திருத்தந்தையின் தூதராக வந்த காரல் ஃபான் மில்டிட்ஸ், பூசலைத் தணிக்க எளியதொரு வழியைக் கண்டார். டெட்செலை அழைத்துக் கண்டித்தார். பணத்தில் முறைகேடு, ஒழுக்கக்கேடு என்ற குற்றச்சாட்டுகளை அவர்மேல் சுமத்தினார். டெட்செல் இலைப்சிக் மடத்திற்குள் ஒடுங்கினார். 1519 ஆகஸ்டில் இறந்தார். லூத்தருக்கும் எக்கிற்கும் இடையே அந்நகரில் பெரும் விவாதம் நடந்த கோடையில் அவர் நோயுற்றுக் கிடந்தார். அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதியவர் லூத்தரே. இப்பூசல் உம்மால் பிறந்ததன்று, இப்பிள்ளைக்குத் தந்தை வேறு என்ற பொருளில் அவர் எழுதினார். டெட்செலைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதுவே நீதியானது என்பது என் கருத்து. அவர் குற்றமற்றவர் அல்லர். ஆனால் கையில் பிடித்திருந்த ஏடு அவர் எழுதியதன்று.

ஏட்டிற்குப் பெயர் கொடுத்தவரோ 1518இல் கர்தினாலாக உயர்ந்தார். ஹாலே நகரில் தம் சொந்தப் புனிதப்பொருள் தொகுப்பை வளர்த்தார். 1520இல் வெளியான அதன் விளக்க நூல், அங்குப் பெறத்தக்க பலனை 3 கோடியே 90 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கிட்டது. இவ்வெண்ணைக் கண்டு நகைப்பது எளிது. ஆயினும் அருளை ஆண்டுக் கணக்கில் எழுதத் தொடங்கினால் எண் நிற்கும் இடம் ஒன்று இல்லை என்பதற்கு அது சான்று. 1521 டிசம்பரில், வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லூத்தர் இதைக் கண்டித்துப் பதினான்கு நாள் கெடுவோடு எழுதினார். அரசு ஆணையால் சட்டப் பாதுகாப்பு மறுக்கப்பட்ட ஒரு துறவிக்குப் பேரரசின் முதன்மைக் கர்தினால் தம் கைப்பட மிகத் தாழ்மையான விடை எழுதியது அக்காலத்தின் வியப்புகளுள் ஒன்று. கடிதத்தின் பணிவு வாழ்க்கையில் இறங்கியதாகத் தெரியவில்லை. கடன்கள் பெருகின. 1541இல் மாக்டபுர்க், ஹால்பர்ஷ்டாட் பகுதிகளின் பேரவைகள் அவருடைய கடன்களை ஏற்றுக்கொண்டன. ஈடாக அவர் அப்பகுதிகளில் லூத்தரின் நெறிக்கு இடமளித்தார். ஒரு கடனை அடைக்கப் பலனை விற்றவர், இன்னொரு கடனுக்காக அதன் எதிர்ப்பையும் விற்றார்.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் புரோட்டஸ்டண்டு மரபினர்க்கு இனிய கதையாக இது முடிந்துவிடும். 1539 டிசம்பரில் ஹெசே நாட்டின் ஆளுநர் பிலிப், முதல் மனைவி உயிரோடிருக்க இரண்டாம் திருமணம் செய்ய விரும்பி ஆலோசனை கேட்டார். சீர்திருத்த இயக்கத்தின் படைபலத்திற்கு இன்றியமையாதவர் அவர். லூத்தர், மெலாங்டன், பூட்சர் ஆகியோர் கையெழுத்திட்ட அறிவுரை, அதை மறைவாக வைக்குமாறு கூறி இசைந்தது. 1540 மார்ச்சில் திருமணம் நடந்தது. செய்தி வெளியானபோது, பொய் கூறியேனும் மறுத்துவிடலாம் என்ற நிலைக்கு லூத்தர் வந்தார். எளிய குடியானவர் இவ்வாறு கேட்டிருந்தால் இதே விடை கிடைத்திருக்காது. ஆட்சியாளரின் தயவைத் தேடும் மேய்ப்பரிடம் நாக்கு எவ்வாறு இருவகைப்படும் என்பதற்கு இதுவும் ஒரு சான்றே. லூத்தரின் ஆதரவாளரே பின்னாளில் இதை நாணத்தோடு குறித்துள்ளனர்.

திரெந்துக்குப் பின்: தமிழில்

கத்தோலிக்கத் திருச்சபையே இம்முறைகேட்டைப் பின்னர் ஒப்புக்கொண்டது. 1562 சூலையில் திரெந்து சங்கம் பலன் வசூலிப்போர் என்ற பதவியையும் பெயரையும் ஒழித்தது. 1563 டிசம்பரில், பலன் பயனுடையது என்ற கோட்பாட்டை நிலைநிறுத்திய அதே ஆணையில், அதைக்கொண்டு ஆதாயம் தேடும் வழக்கங்களைக் கண்டித்தது. 1567இல் ஐந்தாம் பயஸ், கட்டணத்தோடு பிணைந்த பலன்களை இரத்துச் செய்தார். லூத்தர் கடிதம் எழுதிச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

தமிழில் அச்சேறிய கத்தோலிக்க நூல்கள் இத்திருத்தத்திற்குப் பிற்பட்டவை. 'தம்பிரான் வணக்கம்' 1578இல் வெளிவந்தது; என்றிக்கு என்றிக்கசு அடிகளாரின் பாவசங்கீர்த்தன நூலான 'கொம்பெசியோனாயரு' 1580இல் கொச்சியில் அச்சானது. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர் தம் மனச்சான்றை ஆராய்வதற்கு வழிகாட்டும் இந்நூலில் பாவசங்கீர்த்தனம் கேள்விகளாகவும் உள்ளாய்வாகவும் வருகிறது. 1706 சூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, லூத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். இருநூறு ஆண்டுகள் பழைய செருமானிய வழக்கு இவ்வாறு சோழமண்டலக் கரையில் புதிதாக வாதிடப்பட்டது. வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' முதலிய உரைநடை நூல்களை அவ்வழக்கின் எதிர்வாதமாகவே இயற்றினார். கண்டன நூல்கள் அளவுக்குப் பேசப்படாத அவருடைய 'வேதியர் ஒழுக்கம்', மறைபரப்பும் உபதேசியாரே முதலில் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதைப் பொருளாகக் கொண்டது. மேய்ப்பரின் தகுதி குறித்த கவலை இரு தரப்பிற்கும் பொதுவாக இருந்தது என்பதற்கு அந்நூலின் தலைப்பே போதும்.

பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை ஒரு முன்மொழிவு. கோட்பாட்டைக் குறிக்கும் இடத்தில் 'பலன்' என்றும், 1517இல் விற்கப்பட்ட அச்சுத்தாளைக் குறிக்கும் இடத்தில் 'பலன் பத்திரம்' அல்லது 'ஒப்புரவுப் பத்திரம்' என்றும் வரலாற்று நூல்கள் எழுதலாம். 'பாவமன்னிப்புச் சீட்டு' என்பதை, அத்தாளைக் கையில் வாங்கியவர் அதைப் பற்றி என்ன நம்பினார் என்று சொல்ல வேண்டிய இடத்திற்கு வைத்துக்கொள்ளலாம். பாடநூல்களில் அத்தொடர் வரும்போது டெட்செலின் பெயர் தவறாமல் வருகிறது; அங்கு ஆல்பிரெக்டின் பெயரும் 29,000 பொற்காசுகளும் இடம்பெற வேண்டும்.